அயல்

ஸ்டேட் லைன் ரோடு. பெயரிலேயே சொல்லிவிட்டார்கள்.
மேற்கே கன்சாஸ், என் பட்டறை.
கிழக்கே மிசௌரி, வெஸ்லியின் புகையிறைச்சிக் கடை.
நடுவில் ஒரு மஞ்சள் கோடு,
போன பனிக்காலத்து உப்பு அதில் பாதியைத் தின்றுவிட்டது.
கருவிப் பெட்டியோடு முப்பது தப்படி.
பேச்சை முடிப்பதற்குள் கடந்துவிடுவோம்
நானும் டேரலும்.

ஜூலையில் வெஸ்லியின் குளிரறை செத்தது.
எண்ணூறு ராத்தல் மாட்டு விலா
உள்ளே வியர்த்துக்கொண்டிருந்தது.
கம்ப்ரசரை மாற்றி, குழாயைப் பற்றவைத்து,
விடிகாலை நான்கு மணிக்கு
கதவின் உள்பக்கம் பனி பூத்ததைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம்.
ஆறாயிரத்து இருநூறு டாலர்.
நாளை என்றான்.
அக்டோபர் வரை அது நாளையாகவே இருந்தது.

கோர்ட்டுக்குப் போவேன் என்று கடிதம் போட்டேன்.
அவன் வக்கீல் நான்கு வரியில் பதில் எழுதினார்:
உங்கள் நிறுவனம் மிசௌரியில் பதிவாகவில்லை.
பதிவாகாத நிறுவனம்
இங்கே வழக்குப் போட முடியாது.
அன்புடன்.

இரண்டு இரவு தூக்கம் போனது
அந்த 'அன்புடன்' மேல்.

கணக்கர் யோலாண்டா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்:
சரக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் நீ விருந்தாளி.
உனக்கு அந்தப் பக்கம் மாத ஒப்பந்தம் ஒன்பது கடை,
உதிரிபாகம் வைக்க ஒரு வாடகை அறை,
சம்பளம் வாங்கும் டேரல் வேறு அங்கேதான் குடியிருக்கிறான்.
பாயை விரித்துப் படுத்த பிறகு
விருந்தாளி என்றால் யார் நம்புவார்கள்?

முதலில் கன்சாஸிடம் ஒரு சான்றிதழ்,
நான் நல்ல நிலையில் இருக்கிறேன் என்று.
பெற்றவர்கள்கூட
என்னைப் பற்றி அப்படி எழுதிக் கொடுத்ததில்லை.
பத்து நிமிடத்தில் கொடுத்தது அரசாங்கம்.

பிறகு, அந்தப் பக்கம் ஒரு முகவர் வேண்டும்.
தபால் பெட்டி ஆகாது. தெருவும் கதவு எண்ணும் வேண்டும்,
பகலில் கதவைத் திறக்க ஆள் வேண்டும்.
டேரலின் மனைவி நோர்மா வீட்டிலேயே முடிவெட்டுபவள்.
என் மேல் வரும் வழக்கையெல்லாம்
நான் வாங்கி வைக்கிறேன் என்றாள்,
சீப்பை வாயில் கவ்வியபடி.

பெயரில் மட்டும் சிக்கல் இல்லை.
குறிஞ்சி கூலிங்.
மிசௌரியில் வேறெந்தக் குறிஞ்சியும் இல்லையாம்.

படிவத்தின் தலைப்பில் இருந்தது அந்தச் சொல்: ஃபாரின்.
பதினாறு வருஷம்,
பத்து விரல் மை, மூன்று நேர்காணல், ஒரு சத்தியப்பிரமாணம்,
என் கோப்பிலிருந்து அதைக் கழுவ நான் பட்ட பாடு.
இப்போது என் கம்பெனி அதை வாங்கிக்கொண்டு நிற்கிறது,
தெருவைத் தாண்டியதற்கு.
தப்பாக எடுத்துக்கொள்ளாதே, என்றாள் யோலாண்டா.
ஐந்து தலைமுறைக் கன்சாஸ் கோதுமைக்காரனும்
இங்கே ஃபாரின்தான்.

அயல் என்றால் எங்களுக்குப் பக்கத்து வீடு.
அயல் என்றால் வேற்று நாடும்.
சொல்லிப் பார்த்தேன்; அவளுக்குப் புரியவில்லை.
கூலியில் பிடிக்கும் வரி, விற்பனை வரி,
வேலையிழந்தோர் காப்பீடு, நகராட்சி உரிமம்,
பழைய நாட்களுக்கான அபராதம் என்று
விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

இசக்கியம்மாள் சுடலைமுத்து என்று நிரப்பினேன்.
அப்பா பெயரின் கடைசி இரண்டு எழுத்து
கட்டத்துக்கு வெளியே நின்றன.

செவ்வாய்க்கிழமை முத்திரையோடு தாள் வந்தது.
முதல்முறையாகக் கருவிப் பெட்டி இல்லாமல்
அந்த மஞ்சள் கோட்டைத் தாண்டினேன்.
வெஸ்லி தாளை வாங்கி, கையிலிருந்த கொழுப்பு படாமல்
ஓரத்தைப் பிடித்து, முழுசாகப் படித்தான்.
மிசௌரிக்கு நல்வரவு என்றான்.
அப்புறம், குரலை இறக்கி,
குளிரறை மறுபடியும் ஏதோ முனகுகிறது என்றான்.

முதலில் பாக்கி என்றேன்.
காது மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல்
சுவருக்கு அப்பால் போயிருந்தது:
கம்ப்ரசர் இல்லை.
விசிறியின் பேரிங்.